கடைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. இழைப்புளி என்று கேட்டால் தச்சுப் பட்டறைக்கே கொண்டுபோய் விடுவார்கள். மரத்தை மட்டுமா இழைப்பார்? பேச்சையும்தான். போன மாதம் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு, இப்படித் தள்ளி அப்படித் தள்ளி, வழவழவென்று ஆகும்வரை விடமாட்டார். எதிரில் நிற்பவர் தோளில் சீவல் விழாததுதான் குறை.

வேலையில் மகா பிடிவாதம். ஆணி என்ற பேச்சே கூடாது. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு, இரண்டும் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, கண்ணை மூடிக் கன்னத்தை மரத்தில் வைத்துப் பார்ப்பார். எங்காவது உறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வீட்டின் முன்னறைதான் பட்டறை என்பதால், மனைவி குடிக்கும் காபியில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள் மிதக்கும்.

செய்ததையெல்லாம் வேனில் ஏற்றிக் கலைச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார்கள். ஓவியம், மண்பாண்டம், கண்ணாடி மணி என்று வரிசையாகக் கூடாரங்கள். அவற்றில் ஒன்று இவர்களுடையது. அங்கே இவரை வாய் திறக்க விட்டால் வியாபாரம் படுத்துவிடும். ஆசையாக உட்கார்ந்து பார்ப்பவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கால் நீளம். இதுல உட்கார்ந்தா முட்டி தூக்கும். வேண்டாம் சார்" என்பார். மனைவி ஓடிவந்து, "அவர் அப்படித்தாங்க. நீங்க நல்லா சாஞ்சு உட்காருங்க" என்று சமாளிப்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கும் மனதுக்குள் ஒரு குறை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட "நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. புதிதாக எதைச் செய்தாலும் முதல் வேலையாகக் கையை அடியில் விட்டுத் தடவுவாள். "இங்க சொரசொரன்னு இருக்கே" என்பாள். இருக்கும். அதுதான் எரிச்சல். ஊரே புகழ்ந்தாலும் இவர் ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்ப்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் ஏங்கிக் கிடந்தார்.

இந்த முறை சந்தைக்கென்று மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஓர் ஆடும் நாற்காலி செய்திருந்தார். நல்ல தேக்கு. முதுகுச் சட்டங்கள் ஒவ்வொன்றும் உட்காருபவரின் முதுகோடு வளையும். கடைக்கு முன்னால் அதை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்து கையை அடியில் விட்டாள். "இங்க..." என்று ஆரம்பிப்பதற்குள், "தெரியும், தெரியும்" என்று இவர் நகர்ந்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் அவள் உட்காருவதற்கு வேறொரு நாற்காலி இருந்தது. அவளுக்கு இடது முட்டி மடங்காமல் போனபோது, மிச்சம் கிடந்த துண்டு மரங்களை வைத்து அவசரத்தில் அடித்துப்போட்டது. ஆமாம், அடித்ததுதான், அதில் ஆணிகூட உண்டு. ஒரு கால் கறுப்பு, மற்றவை சிவப்பு. அவள் ஊன்றி எழுவதற்காக நாற்காலியின் இடது கை மட்டும் உயரம். வலது கை, காபி டம்ளர் வைக்கும் அளவுக்கு அகலம். அதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியே வைத்திருப்பார். அவளும் சும்மா விடவில்லை. "ஊருக்கெல்லாம் தேக்கு, எனக்கு மட்டும் கோணல்" என்று தினமும் ஒரு குத்து.

மதியம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். பெரிய மரச்சாமான் கடை வைத்திருப்பவராம். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். பிறகு பார்வை பின்பக்கம் போனது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் போர்வை நழுவிக் கிடந்தது.

"அது என்ன விலை?"

இழைப்புளிக்குக் காது சிவந்தது. "ஐயோ, அது விக்கிறதுக்கு இல்ல சார். ஏதோ மிச்ச மரத்துல..."

"ரெண்டையும் சேர்த்துக் குடுங்க. அது இல்லன்னா இதுவும் வேண்டாம். அந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல."

இவர் மனைவி பக்கம் குனிந்தார். "கொஞ்சம் எழுந்திரும்மா. உனக்குத் தேக்குல புதுசா, ஜோரா ஒண்ணு செஞ்சு தரேன்."

அவள் காபியை ஒரு வாய் குடித்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீதானே தினமும் கோணல் கோணல்னு சொல்லுவே?"

"கோணல்தான். நான் மட்டும் என்ன, நேராவா நடக்கறேன்?" டம்ளரை அகலக் கையில் வைத்தாள். "உங்க ஆடுற நாற்காலி யாருக்கு வேணா பொருந்தும். இது எனக்குன்னு செஞ்சது. நீங்க செஞ்சதுலயே இதுதாங்க நல்லா இருக்கு. கேக்கறவர்கிட்ட இல்லைன்னு சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் எதையும் வாங்காமல் போய்விட்டார். மழைக்காலம் முழுக்கச் செய்த வேலை மறுபடி வேனில் ஏறியது. ஆனால் ஏற்றியவர் சீட்டியடித்துக்கொண்டே ஏற்றினார். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து இழைக்க ஆரம்பித்துவிட்டார். "மதியம் என்ன சொன்னே? சத்தத்துல சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அவளுடைய நாற்காலியை இறக்கி வைத்ததும் அவள் உட்கார்ந்தாள். பழக்கம் எங்கே போகும்? கை தானாக உயரமான இடது கைக்கு அடியில் போனது.

"இங்க சொரசொரன்னு இருக்கு."

இழைப்புளி பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாங்க. அது அப்படியே இருக்கட்டும்."