பஸ்ஸில் காலியாக இருந்த இருக்கை

என் எழுத்து கோழி கிளறிய முற்றம் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் இந்த வருடம்தான் எழுதப் பழகினேன். தாளில் எழுதிக் கொடுத்தால் மகள் ஃபோனில் படம் பிடித்து இணையத்தில் போடுவாள்.

மகள் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பில், இந்தக் காலத்துப் புத்தகங்களுக்குப் படம் கீறப் படிக்கிறாள். காணும் ஆட்களைக் கீறி, கீழே ஒரு வரி எழுத வேண்டுமாம்.

இன்று முல்லைத்தீவு பஸ்ஸில் நல்ல நெரிசல். அவளுக்கு இடம் கிடைத்தது, நான் நின்றேன். அவளுக்கு முன் இருக்கையில் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். சாதாரண உடுப்பில் வந்து வீடு வீடாக விசாரிக்கிற புலனாய்வுக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும்.

மகள் அவரைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கொப்பியை மூடு."

"பொறுங்கோ அப்பா, காது மட்டும்தான் மிச்சம்."

அவர் திரும்பிக் கையை நீட்டினார். "தாங்கோ தங்கச்சி, பாப்பம்."

கொடுத்துவிட்டாள். படத்தின் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி நானே வாசித்துவிட்டேன். சந்தோஷப்படுகிற நேரமா அது?

"பஸ் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள். இவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி."

அவரும் வாசித்தார்.

"உண்மைதானே," என்று யன்னல் பக்கம் நகர்ந்தார். "ஐயா, வந்து இருங்கோ."

ஒட்டுசுட்டான் வரை இருக்கையின் நுனியில் இருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே இறங்கும்போது எனக்கு ஒரு டொபி தந்தார். "காது கொஞ்சம் பெரிசு," என்று மகளிடம் சொன்னார்.

அடுத்த கிழமையும் அதே பஸ்தான். அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று எழுதுகிறேன்.

அதற்குமுன் ஒருவராவது சொல்லுங்கள், இந்த டொபியைச் சாப்பிடலாமா?