கிடங்குச் சுவரும் என் இறகுப்பந்தும்

பேய்களிடம் எனக்கு இன்றைக்கும் பெரிய பயம் கிடையாது. நான் இறகுப்பந்து கற்றுக்கொண்டதே ஒரு பேயிடம்தான். ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆம்பூரில் அப்பாவுக்கு ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா வேலை. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் புழக்கடையை ஒட்டி மண்டியின் பழைய கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை அங்கே அடுக்கி வைப்பார்களாம். எங்களுக்கும் அதன் திறந்த முற்றத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். அந்தப் பக்கம் ‘காத்து’ நடமாடுகிறது என்று மண்டி ஆட்கள் சொன்னார்கள். பேய் என்று சொன்னால் அதன் காதில் விழுந்துவிடுமாம், அதனால் காத்து. வீட்டில் அப்பா, பாம்பு இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி காம்பவுண்டில் பெண்கள் வலை கட்டி இறகுப்பந்து ஆடுவார்கள். அந்த ஆட்டத்தை அங்கே தொடங்கி வைத்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். நெஞ்சில் நோய் வந்து மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். போகும்போது தன் ஜோடி மட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை எங்கள் வீட்டில் விட்டிருந்தாள். அது அக்காவிடம் போய், அக்காவுக்குப் புதிது வந்ததும் எனக்கு வந்தது. மட்டை வந்ததே தவிர, ஆட்டத்தில் இடம் வரவில்லை.

“நீ கரண்டி புடிக்கிற மாதிரி புடிக்கிற. வர்றத திருப்பி அடிக்கக் கத்துக்கினு வா, அப்புறம் சேத்துக்கலாம்” என்று அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வலைக்கு ஒரு பக்கம் நின்று ஆடாமல் சாவதில்லை என்று முடிவு செய்தேன். எட்டு வயதில் முடிவெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பந்து நானே செய்தேன். மருந்து பாட்டில் கார்க்கை அம்மாவிடம் கேட்டு வாங்கி, மண்டியில் கழித்துப் போட்ட மெல்லிய ஆட்டுத்தோலை ஈரத்தோடு அதன்மேல் இழுத்துக் கட்டுவேன். காய்ந்ததும் அது கார்க்கைக் கவ்விக்கொள்ளும். சுற்றிலும் இறகு குத்த வேண்டும். இறகுக்கு எங்கள் தெருச் சேவல்கள்தான் கதி. என்னைக் கண்டாலே கூரை ஏறிக்கொள்ளும் அளவுக்கு அவற்றுக்கு அனுபவம் வந்துவிட்டது.

புழக்கடையில் தனியாக நின்று கிடங்குச் சுவரில் அடித்துப் பழகினேன். ஒரு நாள் பந்து எகிறிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. போச்சு, இன்னொரு சேவலைத் தேட வேண்டும் என்று நினைத்த அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ‘டப்’ என்றது. பந்து திரும்பி வந்து என் காலடியில் விழுந்தது.

மண்டியில் வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நாற்றம் மட்டும் காற்றில் இருந்தது. காலடிச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை. “யாரு?” என்றேன். கேட்ட வேகத்தில் வீட்டுக்குள் ஓடி அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் உட்கார்ந்திருந்தபோது நினைத்தது பேயைப் பற்றி அல்ல. அது எவ்வளவு அழகாகத் திருப்பி அடித்தது என்பதைத்தான்.

மறுநாள் வேண்டுமென்றே சுவருக்கு மேலே அடித்தேன். வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது.

காத்துக்கு ஒரு கறாரான சட்டம் இருந்தது. பறந்து வருவதைத்தான் அது திருப்பும். கீழே விழுந்ததை எடுத்துப் போடவே போடாது. “விழுந்தத எடுத்துப் போடேன்” என்று கெஞ்சிப் பார்த்தேன். ஊகூம். காத்துக்குக் கை கிடையாது என்று புரிந்துகொண்டேன். கை இல்லாமல் மட்டையை எப்படிப் பிடிக்கிறது என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை.

அதனால் ஒவ்வொரு பந்தும் உயரமாக, நிதானமாக, எதிராளியின் மட்டைக்கு எட்டுகிற மாதிரி போக வேண்டியிருந்தது. கையை முழுதாக வீசினால் பந்து எங்கோ போய்விடும். மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும் என்று கண்டுகொண்டேன். மட்டையைக் கரண்டி மாதிரி பிடிக்காமல், ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்குகிற மாதிரி பிடித்தால் அது சொன்னபடி கேட்டது. என் இடது பக்கம் பலவீனம் என்று காத்து எப்படியோ தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாகவே அனுப்பும். புறங்கையால் அடிக்கப் பழகினேன். அடித்துவிட்டு அங்கேயே நின்றால் அடுத்தது எட்டாது, உடனே நடுவுக்கு ஓடி வந்துவிட வேண்டும். இதெல்லாம் யாரும் வாய் திறந்து சொல்லாமலே வந்து சேர்ந்தது.

சில நாள் நான் போகத் தாமதமானால் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லிய சத்தம் கேட்கும். மட்டையின் நரம்பை நகத்தால் தட்டுகிற சத்தம். டங். கொஞ்சம் விட்டு, டங். அந்தி வெளிச்சத்தில் அதைக் கேட்டால் ஒரு தடவை கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். ஆனாலும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

மழை ஓய்ந்து பனி இறங்கிய நாட்களில் காத்து தன் ஆட்டத்தை மாற்றியது. முன்பெல்லாம் பந்து உயரப் பறந்து கொல்லைக் கிணறு வரை வரும். இப்போது சுவரின் தலையை உரசிக்கொண்டு வந்து, அடியிலேயே தொப்பென்று விழுந்தது. பின்னால் நின்று பழகிய நான் தலைதெறிக்க முன்னால் ஓட வேண்டியதாயிற்று. இது புதுத் தந்திரம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானும் அதைப் பழகினேன். ஓங்கி அடிக்கப் போவது போல் கையைத் தூக்கி, கடைசி நேரத்தில் மட்டையை வெறுமனே தொட வைத்து, பந்தைக் கிட்டத்தில் விழச் செய்வது.

அந்தத் தந்திரத்தோடு காம்பவுண்டுக்குப் போனேன். வேடிக்கைக்காகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா பின்கோட்டில் நின்று காத்திருக்க, பந்து வலையை உரசி அவள் முன்னால் செத்து விழுந்தது. மறுபடியும் அப்படியே. அக்கா முகம் சிவந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

டியூட்டி முடிந்து வந்த அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தட்டவில்லை. என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

“இத யாருடீ உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“செவுரு” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். “விழுந்தத எடுத்து உங்கிட்ட போட்டுதா?” என்றாள். இல்லை, அது எடுக்கவே எடுக்காது என்றேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி சோப்புப் போட்டு என் கைகளைத் தோல் உரியத் தேய்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே என்னைச் சுவரிடம் கூட்டிப் போனாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட விநோதமாக இருந்தது. “தூரமா அடிக்காத. செவுத்த ஒட்டி மெதுவா போடு. ஓட வெக்காத” என்றாள்.

அம்மாவுக்கு ஆட்டம் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆள் இல்லாத இடத்தில் போடுவதுதானே ஆட்டம்? இருந்தாலும் சொன்னபடி போட்டேன். வந்தது. மறுபடி போட்டேன். சுவர்மேல் ஒரு கணம் தயங்கி இந்தப் பக்கம் சரிந்தது. காத்து சுவரை ஒட்டித்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் முழுக்கக் காலி. இவ்வளவு நாள் கற்றது எல்லாம் ஒன்றுசேர்ந்து கைக்கு வந்தது. மணிக்கட்டைச் சொடுக்கி, வானத்துக்கு ஓங்கி அடித்தேன்.

அந்தப் பக்கம் ‘டப்’ வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நரம்பைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. டங்.

“நான் செவுத்த ஜெயிச்சிட்டேம்மா!” என்று குதித்தேன்.

அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். “ஆமா, நீதான் ஜெயிச்ச” என்றாள். அவள் என்னிடம் சொன்னாளா, அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சொன்னாளா என்பது தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

அந்த வாரமே என்னையும் அக்காவையும் வாலாஜாபேட்டையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கிடங்குச் சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அம்மா சொன்னாள். இனி ஆவதற்கில்லை என்று மலை ஆஸ்பத்திரியில் சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசநோய் என்று தெரிந்திருந்தால் தெருவில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. மண்டி முதலாளி மனமிரங்கிக் கிடங்குச் சாவியைக் கொடுத்தார். அம்மா டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் பின்சந்து வழியாகப் போய்ச் சோறு வைத்தாள். காத்துக் கதையை மண்டியில் முதலில் கிளப்பி விட்டதே அப்பாதானாம். தன் கை பட்ட எதுவும் என் கைக்கு வரக்கூடாது என்று சித்தி பிடிவாதமாக இருந்திருக்கிறாள். நாங்கள் வாலாஜாவில் இருந்தபோது அவள் போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், அவளுக்கு எட்டாமல் போன என் பந்துகளெல்லாம் விழுந்தது விழுந்தபடி அங்கே கிடந்தனவாம்.

இதொன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாலாஜாவிலிருந்து வந்த அன்று சாயங்காலம், நல்ல இறகாகப் பார்த்துப் புதுப் பந்து கட்டிக்கொண்டு போய்ச் சுவருக்கு மேலே அடித்தேன். திரும்பி வரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். நரம்புச் சத்தமும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு தபா தோத்துட்டா ஆட்டத்த வுட்டுட்டு போய்டுவியா?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். “இனிமே உன்னச் சேத்துக்க மாட்டேன், போ.”

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.