மாமா வீட்டுக்குப் போன முயல்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு எறும்பக்கா என்று பெயர். ஊசியை ஏற்றும்முன், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று ஆறடி ஆளுக்கும் அழுகிற குழந்தைக்கும் ஒரே குரலில் சொல்லுவாள். கடித்தது எறும்பா தேளா என்பது கையை நீட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அடுத்த முறையும் அவளையே தேடி வருவார்கள். நாள் முழுக்க ரத்தத்தில் புழங்குகிற அவளுக்கு, வீட்டில் ஒரு முயல் ரத்தம் சிந்துவதை மட்டும் வாய்விட்டு வாசிக்க வரவில்லை.

மகளுக்கு அந்தப் புத்தகத்தை அட்டையைப் பார்த்து வாங்கியிருந்தாள். அட்டையில் ஒரு முயல் குடும்பம் புல்வெளியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் மரநாய்ப் படை வந்தது. தாத்தா முயலின் கழுத்தில் ஒரே கடி. அந்த வரியை அவள் தாண்டினாள். தொழில் பழக்கம் கைகொடுத்தது. தாத்தா முயல் மூட்டை கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாராம் என்றாள்.

தாத்தாவுக்கு ஏது மாமா என்று மகள் கேட்கவில்லை. அதுவே தைரியமாகப் போயிற்று. கண் பிடுங்கப்பட்ட அணில், ஆற்றில் அமுக்கப்பட்ட எலிகள், தன் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோன ஆமை என்று வரிசையாக எல்லோரையும் மாமா வீட்டுக்கு வண்டி ஏற்றினாள். இதை எழுதின புண்ணியவான் வீட்டில் பிள்ளைகளே இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

விடுமுறை வந்தது. அவளுடைய அண்ணன், பிள்ளையில்லாத மனிதர், தங்கை மகளை ஒரு வாரம் வைத்துக்கொள்ளக் கூட்டிப்போக வந்தார். அண்ணி கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்திருக்கிறாளாம். பையைக் கண்டதும் மகள் கட்டிலுக்கடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டா கண்ணு, மாமா வீடு பிடிக்கலையா?" என்று அண்ணன் குனிந்து கேட்டார்.

"அங்க போனவங்க யாருமே திரும்பி வரலையே."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "என் வீட்டைப் பத்தி குழந்தைகிட்ட என்னம்மா சொல்லி வெச்சிருக்கே?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் சுட்டது.

எல்லோரும் நேற்றே திரும்பிவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க எல்லாரும் செத்துட்டாங்கடி. மாமா வீட்டுக்கு யாருமே போகலை. அம்மா பொய் சொன்னேன்."

கட்டிலடியிலிருந்து மகள் கேட்டாள்: "தாத்தா முயலுமா?"

"அவருதான் முதல்ல."

"யாரு கொன்னா?"

"மரநாய்."

"எப்படி?"

சொன்னாள். தலைமுடியெல்லாம் தூசியோடு மகள் வெளியே வந்தாள். அழுகை இல்லை, ஏமாற்றப்பட்ட ஆத்திரம்தான் கண்ணில் பளபளத்தது. முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முனகிய அண்ணன் பையின் மேலேயே உட்கார்ந்தார். ஆமை வந்த இடத்தில் அவள் நைசாகத் தாண்டப் பார்த்தாள். "ஒரு வரி விட்டுட்டே" என்று அண்ணன் அவள் தோளுக்கு மேலாக விரல் வைத்துக் காட்டிக்கொடுத்தார். தெருவில் பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மகளே செருப்பை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மாமா, நீங்க எதையும் விடாம படிப்பீங்களா?"

"படிக்கிறேன். அத்தை பயந்துடுவாளே?"

"அப்ப கதவைச் சாத்திக்கலாம்."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் படியிறங்கினார்.