அண்ணன் அனுப்பிய ஆற்று நண்டு

அண்ணன் ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றில் இறங்கி நண்டு பிடிப்பான். விற்பதற்கில்லை, ஒரு பொழுதுபோக்கு. பிடித்ததில் பாதி, பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு பஸ்ஸில் வந்துவிடும்.

அனுப்புவதற்கு அவனுக்கென்று சில சட்டங்கள் உண்டு. வயிற்றடியில் குஞ்சு சுமக்கும் நண்டை அங்கேயே விட்டுவிடுவான். மற்றவற்றின் கொடுக்கை வாழைநாரால் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு, மேலே கோரைப்புல்லால் மூடுவான். பிளாஸ்டிக் பை கூடாது, மூச்சு முட்டிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் வாளித் தண்ணீரில் போடக்கூடாது, ஓடாத தண்ணீரிலும் அதற்கு மூச்சு முட்டும். முதல் தடவை தெரியாமல் போட்டு எல்லாம் செத்துப்போயின. "செத்தத சமைக்காதட்டி, தூரப் போட்டுரு. சாக்க மட்டும் நனைச்சுக்கிட்டே இரு, போதும்" என்று போனில் சொன்னான்.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள், கண்டக்டரிடம் சாக்கை வாங்கிக்கொண்டு, வந்து சேர்ந்ததைச் சொல்ல அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் மனைவி, மைனிதான் எடுத்தாள்.

"பஸ்ல ஏத்தி விட்டுட்டுத்தான் வந்தாவ. நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுறதுக்குள்ள..."

அதே பஸ் திரும்பப் புறப்பட்டது. ஏறி உட்கார்ந்தேன். செய்துங்கநல்லூர் தாண்டிய பிறகுதான் சாக்கு என் மடியில் இருப்பதே தெரிந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன்மேல் தெளித்தேன். எதற்கென்று யோசிக்கவில்லை. கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாக்கை வாங்கித் தன் சீட்டுக்கடியில் வைத்தார். எஞ்சின் சூடு படக்கூடாது என்று அண்ணன் அவரிடமும் சொல்லி வைத்திருந்தானாம்.

வீட்டில் அண்ணனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். யாரோ என் கையிலிருந்த சாக்கை வாங்கிக் குழாயடியில் போட்டார்கள்.

மறுநாள் அவனை எடுத்துப்போன பிறகு குளிக்கப் போனேன். குழாய்த் தண்ணீர் சொட்டி நனைந்த சாக்கு அசைந்துகொண்டிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். இரண்டு செத்திருந்தன. மற்றவற்றின் நாரை ஒவ்வொன்றாக அறுத்து மணலில் விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, பைய நகர்ந்து கல்லுக்கடியில் போயின. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

நண்டை ஆற்றில் விட்டதைச் சாயங்காலம் மைனியிடம் சொன்னேன்.

"அவிய இருந்தா ஏசியிருப்பாவ. உனக்குன்னு பாத்துப் பாத்துல்லா பிடிச்சாவ" என்றாள்.

அவள் மடியில் விழுந்து அழுதேன். என் முதுகைத் தடவிக்கொண்டே, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று அவள் யாரிடமோ கேட்டாள்.