மழை மெஷினுக்கு ஊற்றிய குடம்

செல்லியம்மா எங்கள் தெருக்காரி. குரல் பெரியது, மனசு சுத்தம், அதை நான் மறுக்கவில்லை. கல்யாணமோ கருமாதியோ, அவள் வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு நின்ற பிறகுதான் எங்கள் ஊரில் அடுப்பே எரியும். அவளுக்கும் புருஷன் ரங்கையாவுக்கும் அப்பன் வழியில் ஒரு பிடி மண் கிடையாது. அரசாங்கம் பட்டா கொடுத்த மேட்டு நிலத்தில் கல் பொறுக்கி, வேர்க்கடலை போட்டு, ஒரே மகள் சந்தியாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். அவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். எங்களுடையது எல்லை தாண்டித் தெலுங்கு நாட்டுக்குள் இருக்கும் தமிழ் ஊர்; எல்லைப் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் அங்கே போய்விடுகிறார்கள். நிலத்தோடு மல்லுக்கட்டுவது ரங்கையா வயசுக்காரர்கள்தான்.

அந்த வருஷம் மானம் பொய்த்துவிட்டது. கடலைச் செடி பூ வைத்த கையோடு கருகியது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. மழை இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஆடியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடங்களில் எடுத்துப்போய், கங்கம்மா முதல் எல்லைக்கல் வரை, ஊரிலுள்ள சாமிக் கல் ஒன்று விடாமல் நனைப்பார்கள். ஒன்று காய்ந்து நின்றாலும் அதன் கோபம் மழையைத் தடுத்துவிடும் என்று நம்பிக்கை. முதல் குடம் எப்போதும் செல்லியம்மாவுடையது.

எல்லைக்கல்லை நனைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. புறம்போக்கில், கம்பி வேலிக்குள், வெள்ளைக் கம்பத்தோடு அரசாங்கம் வைத்திருக்கும் மழை மெஷின். எங்கள் மண்டலத்துக்கே, உங்கள் கணக்கில் தாலுகாவுக்கே, அது ஒன்றுதான். மேலே ஒரு புனல், உள்ளே குட்டிக் கரண்டி மாதிரி ஒன்று. தண்ணீர் நிரம்பினால் கரண்டி கவிழும், கவிழ்ந்த கணக்கு அப்படியே ஆகாசம் வழியாக ஆபீசுக்குப் போய்விடும். இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மழைக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்பது மட்டும் தெரியும். செல்லியம்மா நின்றாள்.

"கவுருமெண்டுக்கு மழைய சொல்றது இதுதானே? இது தொண்ட காய்ஞ்சி கெடந்தா என்னாத்த சொல்லும்? இதுக்கும் ஊத்துங்கடி" என்றாள்.

வேலிக் கதவு எப்போதோ ஆடு இடித்துக் கழன்றிருந்தது. உள்ளே போய் மெஷினுக்குப் பொட்டு வைத்து, அவள் முதல் குடத்தைச் சாய்த்தாள். பின்னால் வந்தவர்களும் சாய்த்தார்கள். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போனது. குலவை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மழை வரவில்லை.

அடுத்த வாரம் சந்தியா வந்தாள். அவள் கம்பெனி வேலையே வறட்சிப் படம் போடுவதுதான். போனில் உலகத்தையே விரித்துக் காட்டினாள். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, எங்கே எவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று ஒவ்வொரு நிறம். வழக்கமாகப் பெய்கிற மழையோடு இந்த வருஷ மழையை ஒப்பிட்டு நிறம் பூசுவார்களாம். காய்ந்த ஊர் சிவப்பு, நனைந்த ஊர் நீலம். விரலால் தள்ளித் தள்ளி எங்கள் பக்கத்துக்கு வந்தாள். சுற்றிலும் ஒரே சிவப்பு, நடுவில் எங்கள் மண்டலம் மட்டும் நீலமாக இருந்தது.

"யம்மா, ஆடில இங்க ஒரு நாள் நூறு மில்லிமீட்டருக்கு மேல பேஞ்சிருக்குதுன்னு காட்டுது. போன்ல எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றாள்.

எந்த நாள் என்று கேட்டாள் செல்லியம்மா. மகள் சொன்னாள். குடம் சாய்த்த அதே நாள். மெஷின் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு உலையைப் பார்க்க எழுந்து போனாள். பெற்ற மகளிடம், அதுவும் இதையே படித்த மகளிடம், "நான்தான் குடத்தைக் கவிழ்த்தேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. பட்டிக்காட்டுத்தனம் என்று பெண் சிரித்துவிடுவாளே என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கரவு மண்டலங்களின் பட்டியல் வந்தது. வறட்சி மண்டலத்தை நாங்கள் தெலுங்கில் அப்படித்தான் சொல்வோம். பட்டியலில் பெயர் இருந்தால் நிவாரணமும் அடுத்த போகத்துக்கு விதையும் வரும். சுற்று வட்டாரமெல்லாம் இருந்தது, எங்கள் பெயர் இல்லை; இங்கே மழை பெய்ததாகக் கணக்கு என்றார்கள் ஆபீசில். ஊர் கொதித்துப்போனது. தமிழ் பேசுகிறவர்கள் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்றார்கள் சிலர். எவனோ காசு வாங்கிக்கொண்டு பொய் மழை எழுதிவிட்டான் என்றார்கள் பலர். எவன் என்று தேட ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கவில்லை. மெஷினைத் துடைத்து, பாட்டரி மாற்றிவிட்டுப் போக மாசம் ஒருதரம் சிட்டிபாபு என்று ஒரு பிள்ளை வருவான். வரதய்யபாளையத்துக்காரன். கான்ட்ராக்ட் வேலை. அவன் அம்மா வெங்கடம்மா அங்கே சந்தையில் கீரை விற்கிறாள்.

அவன் வண்டியை நிறுத்தியதுமே பிடித்துக்கொண்டார்கள். சட்டையைக் கிழித்தார்கள். சாணித் தண்ணீரைக் கரைத்து அவன் தலையில் ஊற்றியது வேறு யாருமில்லை, ரங்கையாதான். செல்லியம்மா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். அந்தப் பையன் மூஞ்சியில் வழிந்த சாணியைத் துடைக்கக்கூட இல்லாமல் அவளையே ஒரு தரம் பார்த்தான். காப்பாற்றச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். எல்லாரும் கத்தும்போது, தான் மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று அவளும் ரெண்டு வசவு வைதாள். ஊருக்கே பேசுகிற வாய் அன்றைக்கு அதற்குத்தான் திறந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொய்க் கணக்கு அனுப்பினானா என்று விசாரிக்க மேலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், பையனுக்கு வேலை போய்விடும் என்று ரங்கையா குதூகலமாகச் சொன்னபோது, அவள் அடுப்பங்கரையிலிருந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். ரங்கையா சாணி கரைத்த தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை மண்டல ஆபீசில் நடந்தது. ஊர் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். செல்லியம்மா போய் அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்று, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யார் யார் ஊற்றினார்கள் என்று கேட்டதற்கு, ஊற்றச் சொன்னது நான், என் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஜன்னல் பக்கம் நின்ற யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடலெல்லாம் பற்றி எரிந்தது.

அதிகாரி சிட்டிபாபு பக்கம் திரும்பினார். மெஷினைத் திறந்து பார்க்கிறவன் நீதானே, உனக்கு எதுவுமே தெரியவில்லையா என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றான் அவன். "பட்டியல் வர்றதுக்கு முந்தி வந்தப்பவே பாத்தேன். புனல்ல வேப்பல அடச்சிக்கினு இருந்துச்சி. உள்ள எல்லாம் மஞ்சத் தண்ணி. மேல பொட்டு வேற. தொடச்சி வச்சேன்."

"ஏன் ரிப்போர்ட் பண்ணல?"

"கவுருமெண்டு மெஷினக் கெடுத்தாங்கன்னு பொம்பளைங்க மேல கேசு போட்டுருவாங்க சார். சாமின்னு நெனச்சி ஊத்தனவங்க. ஒரு நாள் கணக்குதானே, மேல பாத்து தள்ளிருவாங்கன்னு நெனச்சிட்டேன்."

சாணி வழியும் முகத்தோடு அவன் தன்னை ஏன் பார்த்தான் என்று செல்லியம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் உதவி கேட்டுப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் முதல் குடம் யாருடையது என்பது சுற்று வட்டாரத்துக்கே தெரியும்; மெஷினுக்குப் பொட்டு வைத்தவள் யாராக இருக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் அவனை விட்டுவிட்டு அவளைப் பிடித்திருக்கும். மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரங்கையா கூட்டத்திலிருந்து நழுவி வெளியே போய்விட்டான்.

அந்த நாள் கணக்கை அடித்துவிட்டார்கள். படத்தில் எங்கள் மண்டலமும் சிவப்பானது. ரெண்டாவது பட்டியலில் பெயர் வந்தது, விதை வந்தது. செல்லியம்மா மேல் கேசு போடவில்லை, எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். தெரிந்தும் மறைத்தான் என்று சிட்டிபாபுவைத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள். விதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தோமே, எங்களில் ஒருத்தராவது அந்தப் பிள்ளை வீட்டுப் பக்கம் போனோமா? போகவில்லை. எங்கள் லட்சணம் அப்படி.

செல்லியம்மா மட்டும் போனாள். அவன் பெங்களூருக்குக் கிளம்புகிறான் என்று கேள்விப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினாள். அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனே பேசினான்.

"வுடு அத்தே. அடுத்த வாட்டி ஊத்தனா மட்டும் எனக்கு ஒரு போன் போட்டுடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ரெண்டு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அவள் என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

இப்போதும் சந்தை நாளில் அவள் வெங்கடம்மாவிடம்தான் கீரை வாங்குகிறாள். பேரம் பேசுவதில்லை, தலையையும் நிமிர்த்துவதில்லை. போன வாரம் வெங்கடம்மா கட்டிக் கொடுத்த கீரைக்கு மேல் இன்னொரு பிடி அள்ளி வைத்தாள். பையன் போன் பண்ணினான், அங்கே ஒரு கடையில் வேலையாம், அத்தை எப்படி இருக்குது, நல்லா துன்னுதா என்று கேட்டான் என்றாள்.

செல்லியம்மா கீரையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆய்ந்து, கடைந்து, ரங்கையாவுக்குப் போட்டாள். அவன் தட்டைப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டான். சொன்னாள். பையன் விசாரித்ததையும் சொன்னாள். ரெண்டு பேரும் கீரையைத் தொடாமல் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றார்கள்.