இடக்கை ஆசீர்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். முதலில் ஒரு கண்ணாடியைப் பாருங்கள். எண்பதுகளின் நடுவில், ரண்டர்ஸ் என்ற டேனிஷ் நகரத்தில் நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில், மன்னாரிலிருந்து வந்திருந்த, எல்லோரும் அக்கா என்று அழைத்த பெண்ணின் அறைச் சுவரில் தொங்கிய கண்ணாடி அது. எதிர்ச் சுவரில், அப்பத்தை ஆசீர்வதிக்கும் இயேசுவின் படம். அக்காவோ படத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியை நோக்கி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவார். சிரிக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள்.

படத்தைக் கொடுத்தவர் பங்குத் தந்தை. முந்நூறு ஆண்டுப் பழைமையான செப்புத்தகட்டு அச்சு அது. மாளிகையொன்றில் அடைபட்டுக் கிடந்த ஓவியத்தை, செதுக்குநர் ஒருவர் தகட்டில் கோடு கோடாக வெட்டி, மை பூசி, தாளில் அழுத்தி, அந்த வாசலை ஒருநாளும் மிதிக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். கண்ணால் கண்டது போலவே வெட்டியதால், தாளில் அழுத்தியபோது இடம் வலமாக மாறிவிட்டது. ஓவியத்தில் வலக்கையால் ஆசீர்வதித்தவர் அச்சில் இடக்கையை உயர்த்தினார்.

அக்காவின் கணவர் மன்னாரிலேயே அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காகச் சேதி இல்லை. "இடக்கையாலை தண்ணி குடுத்தாலே ஒருத்தரும் வாங்காயினம். என்ர மனுசனுக்கு இடக்கை ஆசீர்வாதமோ கேக்கிறது?" என்றார் அக்கா. அச்சின் சங்கதியைப் பங்குத் தந்தை விளக்கிய அன்றே, கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு எதிரே மாட்டினார். கண்ணாடிக்குள் இடக்கை மறுபடி வலக்கையானது. எத்தனை நேர்த்தியான தீர்வு!

ஒருநாள் விடுதிப் பொறுப்பாளர், நகரத்துப் பிரமுகர்களை அழைத்துக்கொண்டு, அக்கா செபத்தில் இருந்தபோது கதவைத் தட்டாமலே திறந்தார். ஏதோ சொன்னார், வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அண்ணையிடம், அது என்னவென்று கேட்காமல் நான் விடவில்லை. "தங்கட முகத்தைத்தான் கும்பிடுகினமாம் எண்டு பகிடி விடுறார், தம்பி" என்றார். அன்று மாலையே, தளபாடத்தை இடம் மாற்றியது குற்றமென்று கண்ணாடியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

யாழ்ப்பாணத்து விவாத மேடைகளில் கைதட்டல் வாங்கியவன் நான். சாப்பாட்டு மண்டபத்தில், பொறுப்பாளரின் முன்னே எழுந்து நின்றேன். தட்டாமல் திறந்த கதவுக்குக் கணக்குக் கேட்டேன். ஒரு பெண்ணின் மன்றாட்டைக் காட்சிப்பொருளாக்க என்ன உரிமை என்று கேட்டேன். "தூர தேசத்துக்கு வந்து சேர்ந்த படம் இடம் வலம் மாறி வந்ததெண்டால், அது படத்தின்ர அவமானமோ?" என்று முழங்கினேன். எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். பொறுப்பாளர், மொழிபெயர்ப்பாளர் அண்ணையின் பக்கம் திரும்பினார். அண்ணை அவருடைய மொழியில் ஒற்றை வரியில் ஏதோ சொன்னார். பொறுப்பாளர் தலையசைத்துவிட்டு வெளியேறினார்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

"கண்ணாடி ஒண்டு வேணுமாம் எண்டு சொன்னன். அவர் பாப்பமெண்டார்."

என் நெருப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் அணைந்து போயிருந்தது. அக்கா கோப்பைகளை அடுக்கியபடி, "பேச்சு நல்லாத்தான் இருந்தது தம்பி. கண்ணாடி எங்க?" என்றார்.

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அன்றிரவும் அவர் அந்த இடக்கைக்கு முன்னால் செபிக்க வாய் திறக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"அக்கா, நான் டேனிஷ் படிப்பன். இதே இடத்தில நிண்டு, அந்த மனுசன்ர பாஷையிலேயே, ஒரு வரியும் குறையாமல் திருப்பிக் கேப்பன். அண்டைக்கு இடையில ஒருத்தரும் நிக்கமாட்டினம்."