ஆடிக்கு முந்தின லோடு

கப்பலில் கால் வைக்காதவர்களாலும் கப்பலைக் கொளுத்த முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? என் வீட்டுக்காரர் பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, முக்கொம்பு போகிற வழியில் ஒரு ஷெட் பிடித்து, கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று கிளம்பினார். குடியிருந்த வீட்டை பேங்கில் வைத்துத்தான் முதல் போட்டார்.

இந்தக் கரி லேசுப்பட்டதில்லை. சுட்டு எடுத்தபின் இரண்டு வாரமாவது பரப்பிப் போட்டுக் காற்றாட விடவேண்டும். தொட்டால் ஜில்லென்று இருக்கும், உள்ளே சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு மூட்டை கட்டி கன்டெய்னரில் அடைத்தால் நடுக்கடலில் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால்தான், ஆறவைத்த கரி என்று அனுப்புகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். சரக்குக்குப் போடும் இன்ஷூரன்ஸும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான்.

அந்த ஆனியில் விட்டு விட்டு மழை. வேலை பிந்திப் பிந்தி, கரியை வெளியே எடுக்கவே மாசக் கடைசி ஆகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். இதுவோ முதல் லோடு. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏன்னா, இன்னும் ஆறலை. கொஞ்ச நாள் கழிச்சு அனுப்பினா குடியா முழுகிடப் போறது?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

“ஆடியில முதல் லோடா? நன்னாருக்கு! ஆவணி வரைக்கும் வாங்கறவன் காத்துண்டிருப்பானா? தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கு. இன்ஷூரன்ஸ் வேற போட்டாச்சு. பெருமாள் பாத்துப்பார்.”

ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். கதகதவென்றது. சொன்னேன். வெயில் சூடு என்று சொல்லிவிட்டார். லாரிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஆனி கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். கன்டெய்னரில் இடமில்லாமல் நாலைந்து மூட்டைகள் ஷெட்டிலேயே நின்றுவிட்டன.

கப்பல் கிளம்பிவிட்டது என்று சரக்கை ஏற்றிவிட்ட ஷிப்பிங் ஏஜென்ட் சொன்னதற்கு மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தேன். ஐயோ, அந்தப் புகை! நின்றுபோன மூட்டைகளில் ஒன்று அடியிலிருந்து கனன்றுகொண்டிருந்தது. யாரும் தீ வைக்கவில்லை. மூட்டை மேல் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இவருக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு. திரும்பத் திரும்ப என்கேஜ்டு. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

கூடத்தில் இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “எங்களுது ஆறவச்சதுதான் சார். கையெழுத்துப் போட்டிருக்கேனே” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலில் ஒரு வரிசை கன்டெய்னர் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து புகை வருகிறதாம். எந்தப் பெட்டி என்று தெரியவில்லையாம். சரக்கு அனுப்பிய ஒவ்வொருவரையும் ஏஜென்ட் கூப்பிட்டுக் கேட்கிறார்.

“ஷெட்ல மூட்டை புகையறதுன்னா!” என்று கத்தினேன்.

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “வாயைத் திறக்காதே. ஆறாத கரின்னு தெரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்தப் பைசா தரமாட்டான். வீடு போயிடும்டீ.” கண்ணில் தண்ணீர் கொட்டியது. “வேற யாரோட பெட்டியாவும் இருக்கலாமோன்னோ?”

“கப்பல்ல மனுஷா இருக்கா!”

போனைப் பிடுங்கினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை அப்படி அழுத்திப் பிடித்ததில்லை. உதறிவிட்டு, பெட்டி எங்களுடையதுதான் என்றேன். உடனே ஏஜென்ட், “அம்மா, கப்பல்ல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தர் இருக்கார். லைன்ல போடுறேன், அவர்கிட்ட நேராச் சொல்லுங்க” என்றார்.

ஒரே காற்றிரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு இளங்குரல்.

“அக்கா, பக்கத்துல பெயின்ட் பெட்டி நிக்குது. அதுல புடிச்சிட்டா நாங்க முடிஞ்சோம். எதுன்னு தெரிஞ்சா ஓட்டை போட்டுத் தண்ணிய உள்ளயே விட்டுருவோம். உங்க பெட்டிதானா? நிச்சயமாச் சொல்லுங்க.”

“எங்களுதுதாம்ப்பா. ஆறாத கரி. இங்க மிஞ்சின மூட்டையே புகையறது.”

“சரிக்கா” என்றான். லைன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை. இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் போதாமல் போனால்? ஓட்டை போடும்போதே வெடித்துவிட்டால்? எந்தப் பெருமாளைக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஏஜென்ட் கூப்பிட்டார். தீ அடங்கிவிட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். “ரெண்டு பேருக்குக் கையில தீக்காயம். அந்தப் பையனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க சொன்னதைக் கேப்டன் அப்படியே எழுதிட்டாரும்மா. இன்ஷூரன்ஸை மறந்துடுங்க.”

ஒன்று விடாமல் இவரிடம் சொன்னேன்.

“நீ சொல்லாம இருந்திருந்தா அந்தப் பையன்...” என்று ஆரம்பித்தார். என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வெகு நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார்.

“அந்தப் பையன் பேர் என்னன்னு கேட்டியோ?”

நான் கேட்டிருக்கவில்லை.